தோளிலை பிடிக்குது

"என்ரை அளவு பிழைக்காது. சனம் பெருத்துக்கொண்டு போகுது, அதுக்கு நான் என்ன செய்யிறது?"

பிரெஞ்சு நாட்டிலை, எங்கடை சனம் கடை போட்டிருக்கிற லா சப்பல் பக்கம், ரூ பெர்தொனே எண்ட தெருவிலை, நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவிலை, பக்கவாட்டாத் திரும்பினா மட்டும் ஒரு ஆள் உள்ளுக்கை போகக்கூடிய தையல் கடை ஒண்டு இருக்கு. அந்தக் கடையின்ரை முதலாளி, தொழிலாளி, நீதிபதி மூண்டும் தாட்சாயினி தான். இருபத்திரண்டு வருசமா அவ இந்த முறைப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறா. பிளவுசின்ரை கை ஏறேல்லை எண்டு ஆரும் வந்தா, கழுத்திலை தொங்கிற அளவு நாடாவைத் தொட்டும் பாக்கமாட்டா. வந்தவவை மேலையும் கீழையும் ஒருக்காப் பாத்திட்டு, "போன கிழமை கலியாண வீட்டிலை எத்தினை வடை?" எண்டு கேப்பா. வந்தவ பாவம், மனசுக்குள்ளை எண்ணத் தொடங்குவா. அவ்வளவு தான், வழக்கு முடிஞ்சுது.

தைச்சதைப் பிரிக்கிறது எண்ட பேச்சுக்கே அங்கை இடமில்லை. "பிரிக்கிறவள் தையல்காரி இல்லை, குப்பை கிளறுற கோழி" எண்டுவா.

புருசன் குணரத்தினம் இந்த வழக்குகளுக்கெல்லாம் வாய் பேசாத சாட்சி. விடியப்பறம் றுவாசி விமான நிலையத்திலை பெட்டி ஏத்தி இறக்கிப்போட்டு, மத்தியானம் கடைக்கு வந்து ஹூக் தைப்பார், அயன் போடுவார். மனுசன் வாயைத் திறக்கிறது சோத்துக்கும் கொட்டாவிக்கும் மட்டும் தான். "எங்கடை வீட்டிலை ஒரு சண்டையும் இல்லை" எண்டு தாட்சாயினி பெருமையாச் சொல்லுவா. ஒராள் மட்டும் கதைச்சா எப்பிடிச் சண்டை வரும்?

இப்பிடி இருந்த மனுசி துவக்குத் தூக்கின கதை ஒரு கிழிஞ்ச ஜக்கெற்றிலை தொடங்கினது.

ஆறு வருசத்துக்கு முன்னம் மரி-லூயிஸ் எண்டு ஒரு வெள்ளைக்கார மனுசி கடைக்கு வந்தா. அறுவத்தைஞ்சு வயசு, குதிரைவால் கொண்டை. துவக்குச் சுடுற கிளப் ஒண்டிலை அவ தான் பொறுப்பு. அவ கதைக்கிறது றேடியோவிலை காலநிலை வாசிக்கிற மாதிரி இருக்கும்: மெதுவா, சத்தம் ஏறாமல், எப்பிடியும் மழை வரும் எண்ட குரலிலை. அவவின்ரை தடிச்ச சுடுற ஜக்கெற் முழங்கையிலை கிழிஞ்சு போச்சு. தாட்சாயினி அதுக்குத் தோல் ஒட்டுப் போட்டுத் தைச்சதைப் பாத்து, கிளப்பிலை உள்ள எல்லாற்றை ஜக்கெற்றும் ரூ பெர்தொனேக்கு வரத் தொடங்கிச்சுது. ஒரு நாள் தைச்ச ஜக்கெற்றுகளைக் குடுக்கப் போன இடத்திலை, "நீயும் ஒருக்காச் சுட்டுப் பாரன்" எண்டிச்சினம். தாட்சாயினி படுத்தா, கண்ணைச் சுருக்கினா, சுட்டா. பதினாறு வருசமா ஊசிக் காதைப் பாத்த கண். கடுதாசியிலை நடுவுக்குள்ளை ஒரு ஓட்டை.

பேந்தென்ன, லைசென்சு, வைத்தியர் கடிதம், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி, எல்லாம் ஒழுங்கா எடுத்தாச்சு. கூசேன்வில்லிலை அவை இருக்கிற வீட்டிலை துவக்குக்கு ஒரு அறை குடுத்தாச்சு. குணரத்தினத்தின்ரை உடுப்புப் பெட்டி கொறிடோருக்கு வந்தாச்சு.

லா சப்பல் முழுக்கக் கதை பரவினது. பிளவுஸ் தைக்க வாற தர்மிளா தான் முதலிலை வாயைத் திறந்தவள். அவளின்ரை வாய் எண்டா நூல் அறாத மிசின்.

"என்னக்கா, துவக்கைக் கண்டு ஓடிவந்து தானே இஞ்சை அகதிப் பேப்பர் எடுத்தனாங்கள்? இப்ப நீங்கள் லைனிலை நிண்டு துவக்கு வாங்கியிருக்கிறியளாம்?"

"அது மனிசரைப் பாத்துச் சுடுற துவக்கு. இது கடுதாசியைப் பாத்துச் சுடுறது. நீ கையைத் தூக்கு, கக்கத்துச் சுத்தளவு எடுக்கவேணும்."

இனி விசயத்துக்கு வருவம். தாட்சாயினி கடையிலை விக்கிற தோட்டா வாங்கிறேல்லை. சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, திரும்ப நிரப்பிப் பாவிக்கிறவ. ஒருக்காச் சுட்டா கோது வெடிக்கிற அமுக்கத்திலை ஊதிப் பெருத்திடும். அதைத் திரும்பப் பழைய உடம்புக்குக் கொண்டுவரக் கைபிடி வைச்ச பிறெஸ் ஒண்டு இருக்கு. மேலை ஒரு இரும்பு அச்சைத் திருகிப் பூட்டவேணும். கைபிடியை அமத்தினா, கோது கீழையிருந்து ஏறி அச்சுக்குள்ளை போய், இறுகி, மெலிஞ்சு வெளியிலை வரும். வெடிமருந்து நிரப்பிறதெல்லாம் கூசேன்வில் வீட்டிலை. இந்த மெலிய வைக்கிற வேலை மட்டும் கடையின்ரை பின்னறையிலை, ஓவர்லொக் மிசினுக்குப் பக்கத்திலை.

"சனத்தையும் இப்பிடி ஒருக்கா உள்ளுக்கை விட்டு எடுக்க ஏலுமெண்டா என்ரை தொழில் எவ்வளவு லேசு" எண்டு கைபிடியை அமத்தி அமத்திப் பெருமூச்சு விடுவா.

போன ஐப்பசியிலை கிளப்பின்ரை மூண்டு பேர் கொண்ட குழுவிலை தாட்சாயினிக்கு ஒரு இடம் கிடைச்சுது. மாகாணப் போட்டி. ஆறு வருசத்திலை முதல் தரம். நாலாவதா வெளியிலை நிண்டவர் ழாக். முப்பது வருசமா அந்தக் கிளப்பிலை இருக்கிற மனுசன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலை மூக்காலை "ப்ஃப்" எண்டு ஒரு காத்து விட்டிட்டுத் தான் தொடங்குவார். "ப்ஃப்... தையல்காரி. ப்ஃப்... இருக்கட்டும், இருக்கட்டும்."

போட்டிக்கு எட்டு நாள் இருக்க, சனிக்கிழமைப் பயிற்சி. தாட்சாயினி முதல் தோட்டாவைப் போட்டு, துவக்கின்ரை பின்வாயைப் பூட்டுற போல்ற்றைத் தள்ளினா. போச்சுது. கைபிடியைக் கீழை மடக்கினா. மடங்கேல்லை. உள்ளங்கையாலை அமத்தினா. பழைய கதவு மாதிரி முனகிக்கொண்டு அரைவாசிக்கு வந்து நிண்டிட்டுது.

"நிப்பாட்டு" எண்டா மரி-லூயிஸ், சத்தம் ஏறாமல். "இறுகினதைத் தள்ளிப் பூட்டக்கூடாது. வெளியிலை எடு."

எடுத்தா. அடுத்தது, அதுவும் முனகிச்சுது. பத்திலை எட்டு முனகல்.

"உன்ரை தோட்டா பெருத்திருக்குது."

"இல்லை மதாம். துவக்கு தான் குளிருக்குச் சுருங்கியிருக்குது."

மரி-லூயிஸ் தன்ரை பெட்டியிலையிருந்து கடைத் தோட்டா ஒண்டை எடுத்து, தாட்சாயினியின்ரை துவக்குக்குள்ளை போட்டு, ஒரு விரலாலை கைபிடியை மடக்கினா. வெண்ணைக்குள்ளை கத்தி. துவக்கு நிரபராதி.

"வியாழக்கிழமை பின்னேரம் வா. பத்துத் தோட்டா போட்டுக் காட்டு. ஒண்டு இறுகினாலும் ஞாயிறு உன்ரை இடத்திலை ழாக். இல்லாட்டிக் கடைத் தோட்டா வாங்கிச் சுடு."

"கடையிலை தொங்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் கலியாண வீட்டுக்குப் போறதோ?" எண்டு தாட்சாயினி தமிழிலை புறுபுறுத்தா. கடைத் தோட்டா அவவின்ரை துவக்கிலை நாலு திசைக்கும் போறது எண்டதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.

ழாக் "ப்ஃப்" மட்டும் விட்டார். அதுக்குப் பிறகு வசனமே தேவைப்படேல்லை.

ஞாயிறு, திங்கள் ரெண்டு நாளும் கூசேன்வில் வீடு மரண விசாரணை நடக்கிற இடம் மாதிரி. குணரத்தினம் தான் எடுபிடி.

"இஞ்சேருங்கோ, அந்தத் தூரிகையை எடுங்கோ. உள்ளுக்கை ஊத்தையாத் தான் இருக்கும்."

எடுத்துக் குடுத்தார். துவக்கின்ரை உள்பக்கம் பளபளத்துது. ஊத்தை இல்லை.

"அப்ப கோது நீண்டிருக்கும். சுடச் சுடப் பித்தளை முன்னுக்கு வளருமாம்."

அளந்தா. பத்துக் கோதும் ஒரே நீளம், புத்தகத்திலை சொன்ன அளவுக்குள்ளை தான் நிண்டுது.

"அப்ப முனையிலை இருக்கிற சன்னத்தைக் கூட வெளியிலை நீட்டி வைச்சிட்டன். அது போய் முட்டுது."

இதுக்கு ஒரு சோதினை செய்தா. மருந்தும் இல்லை, சன்னமும் இல்லை, பிறெஸ்ஸிலை மெலிய வைச்ச வெறும் கோது. அதைப் போட்டு மடக்கினா. முனகிச்சுது. அப்ப சன்னமும் நிரபராதி. குத்தவாளி கோது தான், கோதை மெலிய வைச்சவ ஆர் எண்டது எல்லாருக்கும் தெரியும்.

தாட்சாயினி அந்தக் கோதைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருந்தா. குணரத்தினத்துக்குப் பயமாப் போச்சு. இருபத்திரண்டு வருசத்திலை அந்த வீட்டிலை அவ்வளவு அமைதியை அவர் கேட்டதில்லை.

"எங்கை பிடிக்குதெண்டு தெரியவேணும்" எண்டா கடைசியிலை. "பிளவுஸ் இறுகுது எண்டு வந்தா எங்கை எண்டு கேக்கிறேல்லையே? கக்கமோ, நெஞ்சோ, தோளோ?"

குணரத்தினத்துக்குத் தெரிய அவ அப்பிடி ஒருத்தரையும் கேட்டதில்லை. வடை தான் கேட்டவ. எண்டாலும் தலையை ஆட்டினார்.

கண்மைச் சிமிழை எடுத்தா. வெறும் கோதை விரலிலை உருட்டி, உடம்பு முழுக்க மெல்லிசாக் கறுப்புப் பூசினா. துவக்குக்குள்ளை விட்டு, மெதுவா மடக்கி, வெளியிலை எடுத்து லைற்றுக்குக் கீழை பிடிச்சா. உடம்பிலை மை அப்பிடியே இருந்துது. கழுத்துக்குக் கீழை சரிஞ்சு வாற வளைவிலை மட்டும், சுத்திவர, மை துடைபட்டுப் பித்தளை மினுங்கிச்சுது.

"தோள்" எண்டா தாட்சாயினி. அது கோதின்ரை தோள் தான். வெள்ளைக்காரரும் அந்த இடத்தைத் தோள் எண்டு தான் சொல்லுறவை. "தோளிலை பிடிக்குது. தோளைப் போதுமான அளவு கீழை இறக்கேல்லை."

"அப்ப?" எண்டார் குணரத்தினம். அந்தக் கிழமையிலை அவர் கதைச்ச முதல் சொல்.

"அப்ப அச்சு அடி மட்டும் இறங்கேல்லை."

செவ்வாய்க்கிழமை கடையின்ரை பின்னறை. தாட்சாயினி பிறெஸ்ஸின்ரை கைபிடியை அடி மட்டும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சா. கோதைத் தாங்கிற கிண்ணம் மேலை போய் அச்சின்ரை அடியோடை ஒட்டி நிக்கவேணும், வெளிச்சம் தெரியக் கூடாது. அச்சு எவ்வளவு இறங்கவேணும் எண்டு நிப்பாட்டிற வளையத்தை அவ தான் முந்தின வருசம் அளந்து, ஆணி போட்டு இறுக்கினவ. அண்டைக்கு ஒட்டித் தான் நிண்டது. இப்ப குணரத்தினம் பின்னாலை ரோச்சை அடிக்க, நடுவிலை ஒரு வெளிச்சக் கோடு. தையல் வெட்டுக் கடுதாசி ஒண்டை விட்டுப் பாத்தா. போச்சுது. ரெண்டா மடிச்சு விட்டா. அதுவும் போச்சுது.

"ஆரோ தொட்டிருக்கினம்."

கடையிலை ரெண்டு பேர் தான். ஒராள் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. மற்ற ஆள் ரோச் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ரோச் வெளிச்சம் மேசைக்கு இறங்கிச்சுது.

குணரத்தினம் மேசையைப் பாத்தார். பிறெஸ்ஸுக்குக் கீழை, பித்தளைத் தூளோடை, மஞ்சளா ஒரு பொடி. போன கிழமையும் அதைக் கண்டவர். சாமி குறிப்புக் காட்டுது எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டவர். இப்ப அந்தக் குறிப்பு என்னெண்டு மெல்ல மெல்ல விளங்கிச்சுது.

கொஞ்ச நாளைக்கு முன்னம் ஆயுத பூசை. தையல் மிசின், ஓவர்லொக், கத்திரிக்கோல், அயன் பெட்டி, எல்லாத்தையும் கழுவித் துடைச்சு வரிசையா வைச்சவை. பிறெஸ்ஸிலை இருந்த அச்சையும் கழட்டித் தட்டிலை வைச்சவை. பொட்டு வைக்கிற வேலை எப்பவும் குணரத்தினத்தின்ரை. மிசினுக்கு நெத்தி தெரியும், கத்திரிக்கோலுக்கு நெத்தி தெரியும். பிறெஸ்ஸுக்கு இது தான் முதல் பூசை, எது நெத்தி? மனுசன் சுத்திச் சுத்திப் பாத்திட்டு, உச்சியிலை அச்சுத் திருகிற ஓட்டையைச் சுத்தி வடிவா மட்டமா ஒரு இடம் கண்டார். பன்னீர் விட்டுக் குழைச்ச சந்தனத்தை அங்கை தடிப்பா அப்பி, நடுவிலை குங்குமம். "நெத்தி நிறைய இருக்கட்டும்" எண்டு தாட்சாயினி தான் பின்னாலை நிண்டு சொன்னவ.

அது ரெண்டு நாளிலை சீமெந்தாக் காஞ்சு போச்சு. பேந்து அச்சைத் திரும்பப் பூட்டினது தாட்சாயினி. அந்தக் கடையிலை ஒரு சட்டம் இருக்கு: பூசைப் பொட்டு தானா உதிருமட்டும் ஒருத்தரும் துடைக்கப்படாது. ஓவர்லொக்கிலை முந்தின வருசத்துப் பொட்டுக்கு மேலை தான் இந்த வருசத்துப் பொட்டு. அதாலை அவ அச்சைப் பக்தியா, பொட்டு நசியாமல், மெதுவாத் திருகி, வளையம் சந்தனத்திலை முட்டின உடனை நிப்பாட்டிப்போட்டா. அச்சு சந்தனத்துக்கு மேலை சாமி மாதிரிக் குந்தியிருந்தது. அண்டைக்குப் பிறகு மெலிய வைச்ச நாப்பது கோதும் தோளிலை ஒரு மயிர் அளவு உசந்து போச்சு.

சொல்லுறதோ, விடுறதோ? சொல்லாட்டி ஞாயிறு ழாக். சொன்னா இண்டைக்கே குணரத்தினம். மனுசன் ரோச்சை நூத்து மேசையிலை வைச்சார்.

"தாட்சா, அச்சைத் தூக்கினது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

"ஆர்?"

"நான். சந்தனம்."

ஒரு விரலாலை உச்சியைக் காட்டினார். தாட்சாயினி வளையத்தைத் திருகிக் கழட்டினா. அடியிலை வட்டமா, வளையத்தின்ரை அச்சுப் பதிஞ்சு, சந்தனம் பிஸ்கற் மாதிரி இருந்துது.

"விசரே உங்களுக்கு? உச்சியிலையே பொட்டு வைக்கிறது?"

"நெத்தி நிறைய எண்டு..."

"எதிர்க்கதை கதைக்காதையுங்கோ!"

இருபத்திரண்டு வருசத்திலை முதல் தரம் எதிர்க்கதை வந்திருக்குது. ரெண்டு பேருக்கும் அது புதுசாத் தான் இருந்துது.

இப்ப பெரிய சிக்கல். துடைக்கப்படாது. துடைக்காட்டி அச்சு இறங்காது. தாட்சாயினி இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு பிறெஸ்ஸைப் பாத்தா, சாமிப் படத்தைப் பாத்தா, புருசனைப் பாத்தா. பேந்து ஒரு தடிச்ச ஊசியை எடுத்து, சந்தனத்தைத் துளி விடாமல் சுரண்டிக் கடுதாசியிலை எடுத்தா. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் குழைச்சா.

"குனியுங்கோ."

குணரத்தினம் குனிஞ்சார். முழுச் சந்தனமும் அவற்றை நெத்திக்கு வந்துது.

"சாமிக்கு வைச்சது கீழை விழப்படாது. தானா உதிருமட்டும் தொடாதையுங்கோ."

புதன்கிழமை விடிய அவர் றுவாசியிலை அந்தக் கோலத்திலை தான் பெட்டி ஏத்தினவர். வேலைத்தல மேலதிகாரி தலையிலை அடிபட்டிட்டுதோ எண்டு கேட்டு, விபத்துப் படிவம் ஒண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாராம்.

அதைவிடக் கஷ்டம் தாட்சாயினிக்கு இருந்துது. நிரப்பி வைச்ச நாப்பது தோட்டாவையும் என்ன செய்யிறது? தோள் உசந்ததை அப்பிடியே சுட ஏலாது. சன்னத்தை இழுத்துக் கழட்டவேணும், மருந்தைக் கொட்டவேணும், கோதைத் திரும்ப மெலிய வைக்கவேணும், முதலிலையிருந்து தொடங்கவேணும். தமிழிலை சொன்னா, பிரிக்கவேணும். செவ்வாயிரவு அவ அலுமாரிக்கு முன்னாலை நெடுநேரம் நிண்டவ. பேந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. பிரிச்சா. ஒண்டு, ரெண்டு, பத்து. ஒவ்வொண்டுக்கும் ஒருக்காப் பல்லைக் கடிச்சா. நாப்பதாவது முடியேக்கை மூஞ்சை கோழி மாதிரித் தான் இருந்தது. பக்கத்திலை இருந்த குணரத்தினம் அதைச் சொல்லேல்லை. ஒரு கிழமைக்கு ஒரு எதிர்க்கதை போதும் எண்டு நினைச்சிருப்பார்.

புதன்கிழமை அச்சு அடியோடை ஒட்டிச்சுது. ரோச் அடிச்சுப் பாத்தாச்சு, வெளிச்சம் இல்லை. அண்டிரவு வீட்டிலை, மெலிய வைச்ச கோதுகள் ஒவ்வொண்டையும் வெறுமனே துவக்குக்குள்ளை விட்டு மடக்கிப் பாத்து, அதுக்குப் பிறகு தான் நிரப்பினா. அண்டைக்குப் பகல் கடைக்குத் தர்மிளா பிளவுஸ் வாங்க வந்தவள், போட்டுப் பாத்திட்டுக் கையைத் தூக்க ஏலாமல் நிண்டாள். வடைக் கேள்விக்குத் தயாராத் தான் வந்தவள், விடையும் பாடமாக்கி வைச்சிருந்தவள்.

"எங்கை பிடிக்குது?" எண்டா தாட்சாயினி.

தர்மிளா பயந்து போனாள். "என்னக்கா, சுகமில்லையே?"

வியாழன் பின்னேரம் கிளப். மரி-லூயிஸ் பக்கத்திலை நிண்டா. ழாக் கதிரை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஞாயிறுக்கு ஜக்கெற் தோய்க்கிறதோ விடுறதோ எண்ட யோசினையிலை இருந்தார். குணரத்தினம் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டார். நெத்தியிலை இன்னும் அரைவாசி மிச்சம்.

முதல் தோட்டா. போல்ற் போச்சுது. கைபிடி மடங்கிச்சுது, ஒரு சத்தம் இல்லை. சுட்டா. ரெண்டாவது. மூண்டாவது. குணரத்தினம் மூச்சை எண்ணிக்கொண்டு நிண்டார். ஏழாவதுக்குத் தாட்சாயினி கொஞ்சம் நிப்பாட்டினா. அவ மூக்கைச் சொறிஞ்சிட்டுத் திரும்ப மடக்கினா. அதுவும் வழுக்கிக்கொண்டு போச்சுது. பத்தும் முடிஞ்சுது, பத்தும் கடுதாசியிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாயளவுக்குள்ளை.

"ஞாயிறு எட்டு மணிக்கு இஞ்சை நிக்கவேணும்" எண்டா மரி-லூயிஸ், நாளைக்கும் மழை எண்ட அதே குரலிலை. பேந்து கேட்டா, "என்ன பிழை இருந்தது?"

தாட்சாயினி சந்தனத்தைப் பிரெஞ்சிலை எப்பிடி விளங்கப்படுத்துறதெண்டு யோசிக்க முன்னம், கதிரையிலையிருந்து சத்தம் வந்துது. "ப்ஃப்... என்ன பிழை? அளவு பிழை. கடைசியிலை மதாமின்ரை அளவு தான் பிழைச்சிருக்குது. ப்ஃப்... நான் சனிக்கிழமையே சொன்னனான்."

அவர் சனிக்கிழமை ஒரு சொல்லும் சொல்லேல்லை, காத்து மட்டும் தான் விட்டவர். குணரத்தினம் ஒரு அடி முன்னுக்கு வந்தார். சந்தனம் வைச்சவன் நான் தான் எண்டு சொல்லுற யோசினை. தாட்சாயினி கையைக் காட்டி அவரை நிப்பாட்டினா. துவக்கைத் திறந்து, வெறுமையோ எண்டு பாத்து, மேசையிலை வைச்சா. ழாக்கிட்டை வந்து நிண்டு, ரூ பெர்தொனே பிரெஞ்சிலை, ஒரு சொல்லும் விழுங்காமல் சொன்னா:

"ஓம் முசியூ ழாக், என்ரை பிழை தான். எங்கை பிழையெண்டு மூண்டு நாள் தேடினன், கண்டுபிடிச்சன், நாப்பதையும் என்ரை கையாலை பிரிச்சுத் திரும்பச் செய்தன். நீங்கள் முப்பது வருசமாச் சுடுறியள், ஒரு நாளாவது எழும்பிப் போய் உங்கடை கடுதாசியிலை எங்கை பட்டிருக்குதெண்டு பாத்தனீங்களோ?"